ஸ்கோர் 641... வீடுபேறு இல்லை!

எங்கள் ஊர் மேல்சித்தாமூரில் 'வீடு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த செங்கல், சிமெண்ட் சமாசாரம். இன்னொன்று, அறம், பொருள், இன்பத்துக்கு அப்புறம் வருகிற நாலாவது ஐட்டம்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பெரிய பார்சுவநாதர் கோயில், தேர், மலைநாதர் கோயில் பாறையில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர்கள்... எல்லோரும் வீட்டைத் துறந்து வீட்டை அடைந்தவர்கள். சமணத்தில் இல்லறத்தாருக்குச் சொன்ன ஐந்து விரதங்களில் ஒன்று, 'மிகுபொருள் விரும்பாமை.' அதாவது, ஆசைக்கு ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொள். (இந்த ஒரு விரதத்தை மட்டும் வங்கிகள் இன்றைக்கும் வாடிக்கையாளர்களைக் கடைப்பிடிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன.)

நாலாவது ஐட்டம் வீட்டை அடைய ஐம்புலன்களையும் அடக்க வேண்டும். சிமெண்ட் வீட்டை அடைய சிபில் ஸ்கோர் 750-க்கு மேல் இருக்க வேண்டும். எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால், முதலாவதற்காவது பான் கார்டு கேட்க மாட்டார்கள் என்பேன்.

நான் இந்த விவகாரத்தில் இறங்கியதற்குக் காரணம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி கரையைக் கடந்த புயல், கடந்த பிறகும் போகாமல் எங்கள் ஜில்லா மேலேயே உட்கார்ந்துகொண்டது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதியை ஒரே நாளில் கொட்டினால் மண் சுவர் என்ன செய்யும்? அம்மா இருக்கிற ஓட்டு வீட்டின் பின்பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அம்மா முன்பக்கத் திண்ணை ரூமில் படுத்திருந்தார். அதைத் தவிர இதில் நல்ல விஷயம் எதுவும் இல்லை.

விழுப்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அன்றைக்கு ராத்திரி போன் வேலை செய்யவில்லை, ரோடும் இல்லை. மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது அம்மா, நனைந்த அரிசியை வெயில் வராத முற்றத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். "வூடு போனா போவுது, அரிசி முளைச்சிடப்போவுது" என்றார்.

அரசாங்கம் வீடு கட்டித் தருகிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டம் குடிசையில் இருப்பவர்களுக்கானது. 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் வீட்டின் தலையில் ஓடு இருக்கிறதே! சுவர் இல்லை, ஓடு இருக்கிறது. ஆகவே குடிசை இல்லை. பிரதமர் ஆவாஸ் யோஜனாவின் கிராமப் பிரிவு? அதில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படை உதவி 1 லட்சத்து 20 ஆயிரம். பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அம்மா பெயர் இல்லை.

மிச்சம் இருந்தது, அதே பிரதமர் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. 2024 செப்டம்பரில் இரண்டாவது பதிப்பாக வந்திருக்கிறது. நான் பி.காம். படித்தவன் என்பதால் அதன் விதிமுறைகளை நாவல் படிப்பதுபோல் ஒரே மூச்சில் படித்தேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சம் வரை இருக்கலாம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருஷத் தவணையாக நம் கடன் கணக்கில் வந்து விழும். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் பெயரில் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. எனக்கு இந்தியாவில் மட்டுமல்ல, உலகத்திலேயே கிடையாது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பத்துக்குப் பத்து.

செஞ்சியில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. 15 லட்சம். (2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு முந்தைய விலை. இப்போது புரோக்கர்கள் 'ஹெரிடேஜ் வியூ' என்கிறார்கள்.) என் மனைவிக்குச் செஞ்சி பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம், பையனுக்கு ஸ்கூல் பக்கம். அம்மாவையும் அழைத்து வந்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். அம்மாவின் திட்டம் என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வங்கிக்குப் போனேன். கடன் பிரிவு அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"சாலரி ஸ்லிப் இருக்கா சார்?"

"இல்லை மேடம். சம்பளம் கிடையாது."

"பிசினஸா?"

"பத்திரிகைகள்ல எழுதறேன்."

"சரி சார், வேலை என்ன பார்க்கறீங்க?"

எழுதுகிறவனிடம் தமிழ்நாடு நூறு வருஷமாகக் கேட்டு வரும் கேள்வி. கோபித்துக்கொள்ள முடியாது. மூன்று வருஷ வருமான வரி ரிட்டனை எடுத்து வைத்தேன். பத்திரிகைகள் எனக்குக் கொடுத்த சன்மானத்தில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டது அதில் வரிசையாக இருந்தது. பிடிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். அன்றைக்கு அந்தப் பிடித்தம்தான் 'இவன் நிஜமாகவே எழுதுகிறான், அதற்கு யாரோ காசும் கொடுக்கிறார்கள்' என்பதற்குச் சாட்சியாக வந்து நின்றது. மாதச் சம்பளம் இல்லாத வாசகர்கள் கவனிக்க: வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லை என்றாலும் ரிட்டன் போட்டு வையுங்கள்.

மேடம் கம்ப்யூட்டரில் என் பான் நம்பரைத் தட்டினார். முகம் மாறியது.

"சார், ஸ்கோர் 641."

641! டெஸ்ட் மேட்சாக இருந்தால் கேப்டன் டிக்ளேர் பண்ணிவிட்டு டீ சாப்பிடப் போயிருப்பார். ஆனால் இந்த ஆட்டத்தில் ஸ்கோர் 300-ல் ஆரம்பித்து 900-ல் முடிகிறது. அதாவது, மட்டையைத் தொடாதவனுக்கே 300. அதனால் 641 என்பது நீங்கள் நினைக்கிற 641 அல்ல. 750 வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. அது வங்கிகளின் ஆசை. ஆசைக்கு எல்லைக்கோடு போடும் விரதம் அவர்களுக்குக் கிடையாது.

"அரசாங்கத் திட்டம்தானே மேடம்? ஸ்கோர் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்லைன்னு சொல்லியிருப்பாங்களே?"

"மானியம்தான் சார் அரசாங்கத்தோடது. கடன் எங்களோடது. நாங்க கடன் குடுத்தாத்தான் அவங்க மானியம் குடுப்பாங்க."

ரொம்பப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1934-லேயே எஃப்.எச்.ஏ. என்று ஒரு அரசாங்க அமைப்பை வைத்து, வங்கி கொடுக்கிற வீட்டுக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் போட ஆரம்பித்தார்கள். ஸ்கோர் 580 இருந்தால் வீட்டு விலையில் மூன்றரை சதவீதம் கையிலிருந்து போட்டால் போதும். 500-லிருந்து 579 வரை என்றால் பத்து சதவீதம். கடன்காரன் ஓடிப்போனால் வங்கிக்கு அரசாங்கம் பதில் சொல்லும். ஆகவே அங்கே சுமாராக மார்க் வாங்கினவனுக்கும் ஒரு கதவு இருக்கிறது. இங்கேயும் குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாத நிதி ஒன்று 2012-லிருந்து இருக்கிறது. ஆனால் அது வங்கிக்குத் தரப்படும் தைரியம். தைரியம் கொடுத்தாலும் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் இஷ்டம்.

'ஒரு 641-க்காகவா இவ்வளவு அலட்டல்?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 7 லட்ச ரூபாய், 15 வருஷம். 8 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 6,690 ரூபாய். ஸ்கோர் சரியில்லை என்று 10 சதவீதம் போட்டால் 7,522 ரூபாய். மாதம் 832 ரூபாய்தானே வித்தியாசம், ரெண்டு தடவை பிரியாணி சாப்பிடாமல் இருந்தால் போச்சு என்று தோன்றும். 180 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். ஒன்றரை லட்சம்! அரசாங்கம் ஒரு கையால் தருகிற மானியத்தை ஸ்கோர் இன்னொரு கையால் வாங்கிக்கொண்டு போய்விடும்.

அந்தக் காலத்தில் இந்த ஸ்கோரெல்லாம் இல்லை. சிபில் கம்பெனி ஆரம்பித்ததே 2000-ல். அதற்கு முன்னால் கிராமத்தில் ஒருவன் யோக்கியனா என்று தெரிய வேண்டுமானால் வங்கி மேனேஜர் டீக்கடையில் ஒரு டீ குடிப்பார். மாஸ்டரிடம் "இன்னார் எப்படிப்பா?" என்பார். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தால் லோன் இல்லை. யோசிக்காமல் "தங்கமான மனுசன் சார்" என்றால் உண்டு. (அந்தத் தங்கமான மனுசனுக்கு டீக்கடையிலேயே பாக்கி இருக்கும். பாக்கி வர வேண்டும் என்பதற்காகவே மாஸ்டர் அப்படிச் சொல்லியிருப்பார்.) இப்போது மாஸ்டரின் இடத்தில் நாலு கம்பெனிகள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017-லிருந்து ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை நமக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆக, வருஷத்துக்கு நாலு தடவை ஓசியிலேயே நம்மைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது.

குறைவது எப்போது என்றால், பத்து வங்கியில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டால். எனக்கும் ஒரு புரோக்கர் அப்படித்தான் யோசனை சொன்னார். "எல்லா பேங்க்லயும் போட்டு வைங்க தலைவா, ஒண்ணுல அடிக்கும்." வங்கி ஒவ்வொன்றும் பார்ப்பது ரிப்போர்ட்டில் பதிவாகும். ஒரு பையனின் ஜாதகம் பத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்தால், பதினோராவது வீட்டுக்காரர் பையனிடம் என்ன குறை என்று தேடுவாரா இல்லையா? அதே கதை.

மொத்தத்தில் இந்த ஸ்கோருக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஸ்ரீகாந்த் அல்ல. 1975 உலகக் கோப்பையில் 60 ஓவரும் நின்று 36 ரன் எடுத்தாரே கவாஸ்கர், அவர்தான். பழைய கணக்கு, கார்டு லிமிட்டில் கொஞ்சம் மட்டும் செலவு, தேதி தவறாத தவணை, புதுக் கடனுக்கு ஆலாய்ப் பறக்காமை. பார்க்கிறவனுக்குத் தூக்கம் வர வேண்டும். தூக்கம் வந்தால் 780.

நானும் கவாஸ்கர் ஆட்டம்தான் ஆடியிருந்தேன். பின்னே 641 எப்படி?

ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். 2018-ல் வாங்கிய மோட்டார் சைக்கிள் லோன். 36 தவணை. 2020-ல் கொரோனா வந்து, பத்திரிகைகள் கடைக்குப் போகாமல் நின்றபோது எனக்கும் சன்மானம் நின்றது. ரிசர்வ் வங்கி அந்த வருஷம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது ஞாபகம் இருக்கும். பைனான்ஸ் கம்பெனி எஸ்.எம்.எஸ். அனுப்பியது, நான் 'சரி' என்று பதில் போட்டேன். மூன்று தவணை தள்ளியது. கடைசியில் சேர்த்துக் கட்டினேன். என்.ஓ.சி. வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி பெயரை நீக்கியாயிற்று. வண்டியையும் விற்றாயிற்று.

ஆனால் ரிப்போர்ட்டில் 2020 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கட்டங்களில் 30 நாள் தாமதம், 60 நாள் தாமதம், 90 நாள் தாமதம் என்று படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. உச்சியில், 'ரிட்டன் ஆஃப் - ரூ. 1,460' என்று ஒரு கலசம்.

அதாவது, நான் தரமாட்டேன் என்று முடிவு செய்து அந்தக் கம்பெனி 1,460 ரூபாயை ஒரேயடியாகத் தலைமுழுகிவிட்டதாம். கோடிகளைத் தலைமுழுகுவதைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். அந்தப் பெரிய மனிதர்களின் வரிசையில் கடைசி ஸ்டூலில் நானும்!

இந்த இடத்தில் எனக்கு ராஜா தேசிங்கு ஞாபகம் வந்தார். அவருடைய கதையை வீரம், குதிரை, காதல் என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடிப்படையில் அது ஒரு பாக்கிப் பிரச்னை. அப்பா சொரூப் சிங் ஆற்காட்டு நவாபுக்குக் கட்ட வேண்டிய பணம் வருஷக்கணக்காக நிலுவை. 1714-ல் அப்பா போய்ச் சேர்ந்தார், பையன் பட்டத்துக்கு வந்தார், நவாப் சாதத்துல்லா கான் பழைய கணக்கு நோட்டைத் திறந்தார். அவர் தர மாட்டேன் என்றார், இவர் படையோடு வந்தார். நல்லவேளை, இந்தக் காலத்து ரெக்கவரி ஆட்கள் போனோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனக்கும் போன் வந்தது. விசாரிப்பதற்காக நான் அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டதன் பலன். எதிர்முனையில் தேன் குரல்.

"சார், பழைய பாக்கிக்கு ஒரு ஆஃபர் இருக்கு. 900 ரூபா கட்டிடுங்க. செட்டில் பண்ணிடலாம்."

வாசகர்களே, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் 'பையன் செட்டில் ஆயிட்டான்' என்றால் அதற்கு மேல் பாராட்டே கிடையாது. 'ஆளு குளோஸ்' என்றால் மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடன் ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் அர்த்தம் நேர் தலைகீழ். 'குளோஸ்டு' என்றால் முழுசாகக் கட்டிய உத்தமன். 'செட்டில்டு' என்றால் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவன். தவணை தவறித் தவித்து நிற்கிற எத்தனையோ இளைஞர்கள் இந்தத் தேன் குரலை நம்பி 'செட்டில்' ஆகிறார்கள். அப்புறம் வீட்டுக் கடன் கேட்கும்போது கதவு சாத்துகிறது. அந்த விவரங்களைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டாரே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. உள்ளே இருந்த ராஜாராம் கோட்டை விழுவதற்குள் தப்பிப் போனார். நாம் பான் கார்டை விட்டுவிட்டு எங்கே போவது?

வாங்கின கடன் நிஜமாகவே பாக்கி என்றால், எப்படியாவது புரட்டி முழுசாகக் கட்டி 'குளோஸ்டு' வாங்குவதுதான் வழி. நான் வாங்கின கடனோ எப்போதோ தீர்ந்துவிட்டது. 900 இல்லை, ஒன்பது ரூபாய்கூடக் கட்டுவதாக இல்லை. 2020 மார்ச் 27-ம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையிலேயே, தவணை தள்ளிவைப்பைத் தவறாக எண்ணி கடன் தகவல் கம்பெனிகளுக்குச் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. அதையும், என்.ஓ.சி.யையும், பழைய எஸ்.எம்.எஸ்.ஸின் படத்தையும் இணைத்து, கடன் தகவல் கம்பெனியின் தளத்தில் ஆட்சேபம் பதிவு செய்தேன். கட்டணம் கிடையாது.

அவர்களாகத் திருத்த முடியாது. பைனான்ஸ் கம்பெனியிடம் கேட்பார்கள், அது 'தப்பு எங்களுடையது' என்று சொன்னால்தான் திருத்துவார்கள். மாமியார் மேல் உள்ள புகாரை மாமியாரிடமே கொடுத்து விசாரிக்கச் சொல்கிற மாதிரி. ஆனால் இதில் ஒரு கடிவாளம் இருக்கிறது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். அங்கேயும் ஓசிதான்.

முதல் முப்பது நாள் பதில் இல்லை. முப்பத்தோராம் நாள் காலையில் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய்! எழுதினால்கூட இவ்வளவு நிச்சயம் இல்லை. என் மனைவி தினமும் காபி கொடுக்கும்போது, "இன்னிக்கும் பதில் வரலையா? பேஷ்" என்றாள். நாற்பத்தோராவது நாள் அந்த வருமானம் நின்றது. மூன்று கட்டங்களும் சுத்தம். 'ரிட்டன் ஆஃப்' போய் 'குளோஸ்டு.' 11 நாளுக்கு 1,100 ரூபாய் என் கணக்கில் வந்தது. என்னிடம் 1,460 கேட்டவர்கள் எனக்கு 1,100 கொடுத்ததை நான் ஃபிரேம் போட்டு மாட்டவில்லை. பாஸ்புக்கில் அந்த வரியை மட்டும் அடிக்கடி பார்ப்பேன்.

ஸ்கோர் 738 ஆனது. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒரு தடவை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி வந்திருப்பதால் ரொம்ப நாள் காத்திருக்கவில்லை.

இது வீட்டுக் கடனோடு நிற்கிற சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வானவர், கடன் வரலாறு சரியில்லை என்று நியமனம் ரத்தானதால் வழக்குப் போட்டார். வங்கி செய்தது சரி என்றது நீதிமன்றம். பொதுப்பணத்தைக் கையாளுகிறவருக்குப் பணக்கட்டுப்பாடு வேண்டாமா என்பது வாதம். கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் இன்னொரு பக்கம் சொன்னது: சிபில் ஸ்கோர் குறைவு என்பதற்காக மாணவனுக்குக் கல்விக் கடனை மறுக்காதே. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் என் மாதிரி 1,460 ரூபாய்க் கலசம் தலைமேல் இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் இன்டர்வியூவுக்குப் போகிறார்களோ என்று நினைத்தால் கொஞ்சம் உதறுகிறது.

738-ஐ எடுத்துக்கொண்டு மறுபடி மேடத்திடம் போனேன். இந்தத் தடவை டீ வந்தது. செஞ்சி வீட்டுக்குக் கடன் தரலாம், 30 லட்சத்துக்குள் உள்ள கடன் என்பதால் மதிப்பில் 90 சதவீதம் வரைகூட விதியில் இடம் உண்டு, மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்றார். வெற்றி முகத்தோடு மேல்சித்தாமூர் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்க போங்க. நான் வரல" என்றார் அம்மா.

"ஏன்மா?"

"இங்க பொழுது சாயறதுக்குள்ள நயினாரு வூட்டுல சாப்டு முடிச்சிட்டு வந்து திண்ணையில உக்காருவாங்க. பேசினு இருப்போம். செஞ்சியில யாரு வருவா? டி.வி.யா?"

இதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓட்டைப் பார்த்தேன். மூன்று வாரம் வீட்டில் இந்தப் பேச்சு ஓடியது. அதையெல்லாம் எழுதினால் இரண்டு பேரும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் மனைவிதான் சொன்னாள்: "சுவர் விழுந்தப்ப அத்தை மட்டும்தான் அங்க இருந்தாங்க. முதல்ல அதைக் கட்டுங்க. செஞ்சி எங்கேயும் போயிடாது, யுனெஸ்கோவே பார்த்துக்கும்."

மேல்சித்தாமூரில் கட்டினால் மானியம்? கிடையாது. நகர்ப்புறத் திட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். செஞ்சி பேரூராட்சி, உள்ளே. மேல்சித்தாமூர் கிராம ஊராட்சி, வெளியே. 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஊர் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. மழை மட்டும் எல்லைக் கல்லைப் பார்க்காமல் பெய்தது.

சரி, சாதாரண வீட்டுக் கடன், 7 லட்சம். இடம் அம்மா பெயரில் நத்தம் பட்டா. ஆகவே அம்மாவும் விண்ணப்பதாரர்களில் ஒருவர். வில்லங்கச் சான்றிதழ் வாங்கினேன். (வில்லங்கம் இல்லை என்று கொடுப்பதற்கும் பெயர் வில்லங்கச் சான்றிதழ்தான். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் 'வியாதிச் சான்றிதழ்' கொடுப்பது மாதிரி.) கட்டட அனுமதிக்கு அலையத் தேவையில்லை, 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில் சின்ன வீட்டுக்கு ஆன்லைனிலேயே கிடைத்துவிட்டது. அப்புறம் மேடம் அம்மாவின் பான் நம்பரைக் கேட்டார்.

எனக்குக் கவலை. அம்மா எங்கே கடன் வாங்கினார்? முதல் தடவை கடன் வாங்குகிறவர்களை, 'பழைய வரலாறு இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை மத்திய அரசு 2025-ல் நாடாளுமன்றத்திலேயே தெரிவித்தது. அதை எடுத்துச் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

மேடம் தட்டினார். பார்த்தார். சிரித்தார்.

"அம்மாவுக்கு 781 சார்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா மணிலா விதைக்கவும், உரம் வாங்கவும், என் தங்கை பிரசவத்துக்கும், என் பையனின் காதுகுத்துக்கும் அதே நாலு வளையலையும் ஒரு செயினையும் வங்கியில் வைத்து வைத்து மீட்டிருக்கிறார். ஒவ்வொரு நகைக் கடனும் பதிவாகியிருந்தது. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. கட்டங்கள் எல்லாம் சைபர், சைபர், சைபர். அறுபத்திரண்டு வயது கவாஸ்கர்!

"அம்மாவையே முதல் விண்ணப்பதாரராப் போடலாமா மேடம்? பெண்களுக்கு வட்டியில கொஞ்சம் சலுகைகூட உண்டாமே?"

"வயசு இடிக்குது சார். தவணைக் காலம் ரொம்பக் குறைஞ்சிடும். உங்க வருமானம், அவங்க இடம், ரெண்டு பேர் ஸ்கோர். சேர்ந்தே போடுங்க."

போட்டோம். கையெழுத்துப் போட வங்கிக்கு வந்த அம்மா, "எவ்ளோ வட்டி?" என்று மேடத்திடமே கேட்டார். சொன்னார்கள். "நகைக்கே கூடவா வாங்கறீங்க, இது பரவால்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக் கடனை ஒரே தடவையாகத் தரமாட்டார்கள். அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டடம் ஏற ஏற பணம் இறங்கும். இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் இப்போது லிண்டல் மட்டத்தில் இருக்கிறோம். சென்ட்ரிங் அடித்து கான்கிரீட் போட்ட பிறகுதான் அடுத்த தவணை வரும். சென்ட்ரிங் அடிக்க மேஸ்திரிக்கு அதற்கு முன்னாலேயே 40,000 வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னேன். என் 738-ஐயும் வங்கி அனுமதிக் கடிதத்தையும் காட்டினேன். அவர் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, திண்ணைப் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, உம்புள்ள பதினஞ்சு நாளுன்னு சொல்றாரு?"

"போடு. வந்துடும்" என்றார் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

திங்கட்கிழமை காலையில் சவுக்குக் கம்பு ஏற்றிய வண்டி வந்துவிட்டது.